வெளுத்து வந்த சேலை

என் மனைவி காலமான சில மாதங்களில், பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பும் கப்பல் பயணம் ஒன்றை மகளும் மருமகனும் எனக்கு ஏற்பாடு செய்தார்கள். கடற்காற்று பட்டால் மனம் தேறும் என்றார்கள்.

பையில் வேட்டி சட்டைகளை வைத்த பின், நோயில் விழுமுன் அவள் உடுத்திக் களைந்த நூல் சேலையையும் வைத்தேன். அவளுடைய வாசனை இருந்ததால், அதைத் துவைக்கக் கூடாதென்று வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன்.

மகள் அதை வெளியே எடுத்தாள். “நாலு நாளைக்கு இது எதுக்குப்பா? பாரமில்லாம போயிட்டு வாங்க. இது இங்கேயே இருக்கட்டும், நான் தொடமாட்டேன்.”

அந்தச் சொல்லை நம்பிக் கப்பலேறினேன். கடற்காற்று உண்மையிலேயே இதமாக இருந்தது.

திரும்பி வந்தபோது, சேலை கஞ்சியும் இஸ்திரியும் போட்டு என் கட்டிலின்மேல் இருந்தது. முகத்தருகே கொண்டுபோனேன். சவுக்காரம் மட்டுமே மணத்தது.

“டோபி எப்படி வெளுத்திருக்கான் பாருங்கப்பா, புதுசு மாதிரி.”

மருமகன் சிரித்தார். “நீங்க இருந்தா விடமாட்டீங்க லா மாமா. அதுக்குத்தானே கப்பல் டிக்கெட்டே எடுத்தோம்.”

“நன்றாக இருக்கிறதம்மா” என்றேன்.

பகைவர் செய்திருந்தால் நியாயம் கேட்டிருப்பேன். இவர்கள் என் நலம் கருதிச் செய்தார்கள். தவறிழைத்ததாகவே அறியாதவர்களை மன்னிப்பதற்கும் வழியில்லை.

அதன்பின் எந்தப் பயணத்துக்கும் நான் இசையவில்லை. மேசை இழுப்பறையில் அவளுடைய சீப்பு ஒன்று இன்னும் இருக்கிறது.