நான் மாற்றிச் சொன்ன வசனம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் மலாக்காவில் அப்போது வெகு சில. காஜா பெராங்கில் ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பத்தின் பெரிய வீட்டில் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மகளின் கல்யாணத்துக்குக் கெபாயா என்னும் மேற்சட்டை தைக்க, என் ஊரான செமாபோக்கிலிருந்து சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்கு இருபது வயது.

பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றாலும் அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பேசுவதெல்லாம் மலாய்தான். ஆனாலும் தமிழ் நாடகம் என்றால் உயிர். நாடகம் தொடங்கினால் நான் தையலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் மலாயில் சொல்ல வேண்டும்.

அன்றைய நாடகம் ஒரு பணக்கார வீட்டுக் கதை. ஒருவனை இரண்டு பெண்கள் விரும்புகிறார்கள். ஒருத்தி பங்களாக்காரர் மகள். மற்றவள் அங்கே பாடம் சொல்லித்தர வருபவள். கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்படி தாய் மகளை நெருக்குகிறாள்.

அது எங்கள் கதைபோலவே இருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்த வீட்டு மகளுக்குப் பேசியிருந்த மாமன் மகன், ஒரு வருடமாக என்னை விரும்பியவர்; எனக்கும் அவர்மேல் விருப்பம். வீட்டுக்குப் பயந்து அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே அவர்மேல் ஆசை.

திரையில் பணக்கார மகள் நிமிர்ந்து, "அவர் மனசுல நான் இல்லம்மா. இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் வீட்டு மகள்.

"சரின்னு சொல்றா."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரின்னு சொல்ற முகமா அது? உள்ளதைச் சொல்லு."

உள்ளபடி சொன்னேன். என் வாயால் சொல்லும்போது, அவரை எனக்குக் கொடு என்று நானே கேட்பதுபோல் இருந்தது. அவள் மெதுவாகத் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அவர் பேரை எடுத்தாலே உன் ஊசி நின்னுடுது. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிறகு பக்கத்தில் இருந்த தன் தாயைப் பார்த்து, "மாக், எனக்கும் வேண்டாம்" என்றாள்.

தாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "ஊரெல்லாம் சொல்லியாச்சு. இனி நான் வெளியே தலைகாட்ட முடியுமா?"

"முடியும் மாக். நானும் கூட வர்றேன்."

அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. நான் எழுந்து நிற்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக நாங்கள் இரண்டு பேர் சேர்ந்தும் சொல்ல முடியாததை, அவள் தனியாக இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

தாய் அழுதார், சாப்பிட மறுத்தார், சொந்தக்காரர்களை அழைத்து வந்து பேசவைத்தார். மகள் அசையவில்லை. அதன்பின் அவரும் தன் வீட்டில் வாய் திறந்தார்; மறு வருடம் எனக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. அவள் வந்து மணமேடையில் என் அருகில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் பேசியவர்களுக்கும் தன் கையாலேயே பலகாரம் கொடுத்தாள்.

பிறகு அவள் ஆசிரியை ஆனாள். நாற்பது வருடம் பழகினோம். அந்த மாலையைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவள் பக்கத்தில் உட்காரும்போது மட்டும், கடைசிவரை, பெரியவர் முன் பேசுவதுபோல் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.