பெட்டியைக் கடித்த துரை

அட்டையைப் பிரித்தாலே கோந்தும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாடை அடிக்கும் சின்னஞ்சிறு புத்தகம் ஒன்று, நான்காம் வகுப்பில் ஒரு நாளும் மட்டம் போடாததற்காக எனக்குப் பரிசாகக் கிடைத்தது. பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த அமெரிக்கத் துரை ஒருவரின் வரலாற்றைச் சிறுவர்களுக்கென்று அதில் எழுதியிருந்தார்கள். துரை சிறு வயதில் மக்கு என்று பெயரெடுத்தார், பிறகு ஊண் உறக்கமில்லாமல் உழைத்தார் என்று பரிசுப் புத்தகத்துக்கு வேண்டிய புத்திமதியெல்லாம் நிறைந்திருந்ததால், நான் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூலையில் போட்டுவிட்டேன்.

அதை வரிவிடாமல் படித்தவள் என் அக்கா அபரஞ்சி. ஆறு வயதில் தட்டம்மை கண்டு, இரண்டு காதிலும் சீழ் பிடித்து, அவளுக்குக் கேட்காமல் போயிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அந்தச் சத்தத்தில் காது உள்ளவர்களே கத்தித்தான் பேசுவார்கள் என்பதால், அக்காவுக்குக் காது போன விஷயம் தெருவுக்குத் தெரியவே வெகு நாளாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பவில்லை. என் பலகையைப் பார்த்தே என்னைவிட நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். "அம்மா கொரலு எப்பிடிடா இருக்கும்? எனக்கு மறந்தே பூட்டுதுடா" என்று என்னிடம் அடிக்கடி கேட்பாள். குரல் எப்படி இருக்கும் என்பதை நான் எப்படி எழுதிக் காட்டுவது?

ஒரு நாள் புத்தகத்தோடு ஓடிவந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். அந்தத் துரைக்கும் காது மந்தமாம். பெட்டி பாடும்போது அதன் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொள்வாராம்; சத்தம் எலும்பு வழியாக உள்ளே போய்க் கேட்குமாம். "கனகய்யா வூட்டுப் பொட்டிய நானும் கடிக்கணும்" என்று அக்கா தன் உரத்த குரலில் சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது.

கனகய்யா எங்கள் தெருக்கோடியில் இருந்த ஜரிகை வியாபாரி; வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தறி ஓடாத அமாவாசைதோறும் தம்முடைய கிராமபோனை, எங்கள் வாயில் "பாட்டுப்பொட்டி", கூடத்தில் வைத்துத் தெருவுக்கே பாட்டு வைப்பார். சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, அதை வருஷம் முழுக்க அழியாமல் காப்பாற்றுவார். அதில் போய் வாய் வைப்பதா? எங்கள் வீட்டிலேயே தம்ளர் உதட்டில் பட்டால் அம்மா தொலைத்துவிடுவாள். "அவுரு தொரை, இன்னா வேணா எச்சி பண்ணுவாரு. நாம பண்ணலாமா?" என்று அக்காவிடம் சைகையோடு சொல்லிவிட்டு, அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத அப்பா, மறுநாள் என்னைப் புத்தகத்தோடு அழைத்துக்கொண்டு கனகய்யா வீட்டுக்குப் போனார். நான் அந்தப் பக்கத்தை வாசித்ததும் கனகய்யா திகைத்துப் போனார்.

"இம்மாம் பெரிய மனுசன் எச்சி பண்ணாரா? இதெல்லாமா நைனா புஸ்தகத்துல போடுவாங்க? அது சரஸ்வதிப்பா, வாய வெக்கக்கூடாது."

அப்பா புத்தகத்தை வாங்கி மூடிவிட்டுச் சொன்னார்.

"எழை அறுந்தா நாங்க பல்லால கடிச்சுத்தாங்க முடிபோடறோம். அந்தச் சேலையத்தான் அம்மனுக்குச் சாத்தறாங்க. பட்டுக்கு எச்சி இல்லன்னு நீங்களே சொல்லுவீங்க. பொட்டி மேல ஒரு பட்டுத் துண்டப் போட்டுக் கடிக்கட்டுங்க."

கனகய்யா உள்ளே போய் மனைவியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். பட்டு புதிதாக இருக்க வேண்டும், குங்குமம் இல்லாத மூலையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

அந்த அமாவாசையன்று தெரு கூடுவதற்கு முன்பே போனோம். தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்த அக்கா, பெட்டியின் மூலையில் அரக்குச் சிவப்புப் பட்டைப் போர்த்தி, குனிந்து பல்லைப் பதித்தாள். நாயன இசைத்தட்டு சுழன்றது. முதலில் புளியங்காயைக் கடித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். பிறகு அசையவே இல்லை, கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. தட்டு முடிந்த மறுகணம் ஊசி தேய்ந்துவிடும் என்று பதறித் தூக்குகிற கனகய்யா, அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊசி வெறும் தடத்தில் கரகரவென்று சுற்றியது. அந்தக் கரகரப்பையும் விடாமல் அக்கா கேட்டாள். அவர் மறுபடி சாவி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தறிப் பக்கம் கிடந்த ஒரு மூங்கில் குச்சியை எடுத்துத் துடைத்து, ஒரு முனையைத் தான் கடித்துக்கொண்டு மறுமுனையை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா குச்சியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு பட்டும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் அப்படியே கடித்துக்கொண்டு, "அபரஞ்சி" என்றாள். பல்லுக்கு நடுவே குச்சி இருந்ததால் பெயர் குழறித்தான் வந்தது. அக்கா குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதான், இதேதான்" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள்.

அதன் பிறகு தினமும் அடுப்படியில் அந்தக் குச்சிப் பேச்சு நடந்தது. புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. கனகய்யாவின் மகன் பெட்டியை விற்றுவிட்டான். என் பேரன் இன்று டேப் ரிக்கார்டரில் வீட்டில் இருமுகிறவர் தும்முகிறவர் குரலையெல்லாம் பிடித்து வைக்கிறான். அம்மாவின் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. காது இரண்டும் நன்றாக இருந்து அதை நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த எனக்கு, அது எப்படி இருந்தது என்பது இப்போது அடியோடு மறந்துவிட்டது. அக்காவைக் கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன தை மாதம் அவளும் போய்விட்டாள்.