மாலை போட்ட வீட்டில் மாத்திரை

கார்த்திகை பிறந்ததும் என் வீட்டுக்காரர் மாலை போடுவார். அதற்கு முன்னாலேயே நான் மாத்திரை போட ஆரம்பித்துவிடுவேன். மலைக்கு மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் தீட்டுக்காரி இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வேலை பார்க்கும் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை சிரமமில்லை. பின்பக்கம் ஒரு சின்ன அறை இருந்தது, ஒதுங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைப்பார். மேனாம்பேட்டில் ஃப்ளாட் வாங்கி வந்த பிறகு எங்கே ஒதுங்குவது? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. லிஃப்டில் போய்த்தான் உட்கார வேண்டும்.

அதனால்தான் மாத்திரை. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் நாலைந்து நாள் தள்ளிப்போடுவதற்கு எல்லாப் பெண்களும் போடுவதுதான். நான் ஒரு மண்டலம் முழுக்கப் போட்டேன், அதுவும் வருஷா வருஷம். எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை இருமல் மருந்து பாட்டில்களை வேடிக்கை பார்த்துவிட்டு, காலி அட்டையை மட்டும் நீட்டுவேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். வீட்டில் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பேன்.

அவரிடம் சொன்னதில்லை. மலையிலிருந்து திரும்பியதும், “இந்த வருஷமும் ஒரு தடங்கலும் இல்லாம சாமி பாத்துக்கிட்டார்” என்பார் அவர். நான் ஆமாம் போடுவேன்.

போன கார்த்திகையில் மாத்திரை என்னைக் கைவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோதுதான் கவனித்தேன், நான் உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். பக்கத்தில் இருந்த பெண் தன் துப்பட்டாவை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள். கைக்குட்டையை எடுத்துத் துடைக்கக் குனிந்தேன்.

“உடுக்கா, நான் தொடச்சிக்கிறேன். நீ ஊட்டுக்குப் போ. ஒடம்பு சரியில்லாம கீறப்போ இன்னாத்துக்கு வேலைக்கு வந்துகினு?” என்றார் டிரைவர்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. சாப்பாட்டுப் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. தீட்டோடேயே சமைத்தேன், விளக்கு மட்டும் ஏற்றாமல் சமாளித்தேன். மறுநாளும் நிற்காமல், ஆபீஸ் படியில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த டாக்டரம்மா, “உடம்புல ரத்தமே இல்ல. உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க” என்றார். அவர் வந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய சந்தனம், வெறுங்கால். மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ ‘என்னங்க’ என்றோ கூப்பிட மாட்டோம். “உள்ள வாங்க சாமி” என்றேன். நர்ஸ் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா நீங்களா வாங்கிப் போட்டிருக்கீங்க. இனிமே அந்த மாத்திரையைத் தொடக் கூடாது” என்றார் டாக்டர்.

“எந்த மாத்திரை?” என்று கேட்டார் அவர்.

நான் மேஜையைப் பார்த்தேன். டாக்டர்தான் சொன்னார். அவர் மாலையின் மணி ஒன்றை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் முன்னால் நான் அவ்வளவு கூசியதில்லை.

ரத்தப்போக்கை நிறுத்த வழிகள் இருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். டாக்டர் கண்காணிப்பில் வேறு மாத்திரை, சில மாதத்துக்கு ஒருமுறை ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயில், உள்சுவரைச் சுட்டுவிடுவது. கர்ப்பப்பையையே எடுப்பது கடைசி வழி, எனக்கு அது தேவைப்படாது. “காயில்தான் உங்களுக்குச் சரியா வரும். போகப்போக நல்லா குறையும், நிறையப் பேருக்கு நின்னே போயிடும். ஆனா முதல் சில மாசம் லேசா பட்டுக்கிட்டே இருக்கும். எந்த நாள்னு சொல்ல முடியாது.”

எந்த நாள் என்று சொல்ல முடியாதா? அவர் மலைக்குப் போய் வரும்வரை நான் எங்கே போய் இருப்பேன்?

“எடுத்துடுங்க டாக்டர். எடுத்துட்டா ஒரேயடியா நின்னுடும்ல?” என்றேன்.

“அப்படி என்னம்மா அவசரம்?”

அவசரம் பக்கத்து நாற்காலியில் கறுப்பு வேட்டியோடு உட்கார்ந்திருந்தது. எடுக்க டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைய போக்கை நிறுத்த மருந்து கொடுத்து அனுப்பினார், அது நின்றதும் அடுத்த வாரமே காயில் வைத்தார்கள்.

காயில் வைத்த மறுநாள் காலை, டாக்டர் சொன்னதுபோலவே பட்டிருந்தது. பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு வாசலருகே நின்றேன். குளித்துவிட்டு வந்த அவர் பையைப் பார்த்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“கோவில்பதாகைக்கு. எங்கக்கா வீட்டுக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது சாமி.”

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, “பசிக்குது. இட்லி ஊத்து” என்றார்.

“இல்ல சாமி, எனக்கு...”

“தெரியும். டாக்டர் சொல்லும்போது நானும் அங்கதான இருந்தேன். ஊத்து.”

இட்லித் தட்டில் மாவை ஊற்றினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடக்கூடிய மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாகக் கர்ப்பப்பையையே அறுத்துக் கொடுக்கத் துணிந்திருந்தேனே. அவர் கீழே உட்கார்ந்து இலையைப் போட்டார். நான் இட்லியை வைத்தேன், என் விரல் அவர் மேல் பட்டுவிடாதபடி எட்ட நின்றுகொண்டே.