உச்சி வெயிலில் எண்ணிய பறவைகள்

நான் வேலைக்குப் போகும் ஆற்றோரப் பாதையை ஒருநாள் நாடா கட்டி மறித்திருந்தார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிது. இலங்கையில், எங்கள் குருவிட்டப் பக்கம் ஆற்றங்கரையில் நாடா கட்டினால் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். காவலுக்கு நின்றவரிடம், "யார் செத்தது?" என்று எனக்குத் தெரிந்த டொய்ச் மொழியில் கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "யாரும் சாகவில்லை, அன்னம் அடைகாக்கிறது" என்று புதரைக் காட்டினார். ஒரு பறவைக்காக ஊரே சுற்றிப் போகிறதா என்று அன்று சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆறு வளையும் இடத்தில் கும்புக் மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும். விடிந்ததும் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி என்று கிளை கொள்ளாது. வெயில் ஏறி ஆட்கள் குளிக்க இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தவர் என் அண்ணன் செல்வம். நான் மீன்கொத்தியைப் படமெடுப்பதற்காக, மறைத்த கிளையை வளைத்துப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் அசையாமல் நின்றவர்.

டவுன் எங்கள் பக்கமாக வளர்ந்து வந்தது. போன வருடம் அந்த வளைவில் கடைத்தொகுதி கட்ட யாரோ அனுமதி கேட்டார்கள். அனுமதி கொடுக்கும் முன் பறவைகளை எண்ணக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வழிகாட்டப் போனவர் அண்ணன். காகமும் மைனாவும்தான் தேறின என்று போனில் சொன்னார்.

"எத்தனை மணிக்குண்ணே கூட்டிட்டுப் போனீங்க?"

"பன்னெண்டு இருக்கும்."

"அந்நேரம் என்ன குருவி நிக்கும்? விடிய வரச் சொல்லியிருக்கலாமே."

"அந்த அதிகாரி மாத்தயா தங்கிட்டுக் காலையில பாக்குறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம், எப்பவும் இவ்வளவுதான்னுட்டேன்." பிறகு அவரே சொன்னார்: "எனக்கும் அதுல ஒரு கடை தர்றாங்கடா. நீ போயிட்டே. நான் தோட்டத்து லயத்துல, இந்த ஒத்த ரூமுலயே கெடந்து சாகணுமா?"

கடைக்கு ஆசைப்பட்டதை மன்னித்துவிட்டேன். ஆனால் எந்த மணிக்கு எது வரும் என்று அறிந்தவர், அந்த அறிவை வைத்தே அவற்றைக் காட்டிக்கொடுத்தார். அதுதான் ஆறவில்லை. பறவைகளுக்கு முன்பே ஆற்றைவிட்டுப் போனவன் நான் என்பதும் நினைவுக்கு வருகிறது. அப்படியும் கோபம் தணியவில்லை.

மரங்கள் போய்விட்டன. வீடியோவில் பார்த்தேன், கரை நெடுகச் சிமெந்துச் சுவர், அதன்மேல் காகங்கள். போன வாரம் அண்ணன் கேட்டார்: "அந்த மீன்கொத்திப் படம் வச்சிருக்கியா? கடைச் சுவத்துல பெருசா மாட்டணும்டா."

இந்த வருடமும் பாதையில் நாடா கட்டியிருக்கிறார்கள். இன்று காலை யாரும் சொல்லாமலே பத்து நிமிடம் சுற்றி நடந்தேன். படத்தை இன்னும் அனுப்பவில்லை. அழித்துவிடலாம் என்று திறந்தால், ஓரத்தில், கிளையை வளைத்துப் பிடித்திருக்கும் அவர் கை தெரிகிறது.