கடைசிக் காட்சிக்குக் கூலி கேட்டவர்

வெண்ணந்தூர் மைக் செட்டுக்காரர் சேலத்துக்கே வந்து சொன்னார்: "நம்ம நாடகக்கார அர்த்தனாரி அண்ணன் போயிட்டாருங்க." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சுற்றுப்பட்ட ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் நாடகம் எழுதிய மனிதர், கடைசிவரை அடுத்தவர் தறியில்தான் வயிற்றைக் கழுவினார்.

எழுபதுகளில் மாரியம்மன் நோன்பித் திருவிழா என்றால் ஊர் இளவட்டங்கள் வேஷம் கட்டுவார்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் என்னைப் போன்ற நடிகைகளைச் சேலத்திலிருந்து அழைப்பார்கள். முன்பணம் வாங்காமல் நான் பஸ் ஏறியதில்லை. மைக் செட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் பேசிய கூலி உண்டு. எழுதி, ஒத்திகை நடத்தி, மறந்த வசனத்தை மறைவில் நின்று எடுத்துக்கொடுக்கும் அண்ணனுக்கு மட்டும் மேடையில் ஒரு துண்டு போர்த்துவார்கள். "இத்தனை துண்டுக்கு உங்க ஊட்டுல தலை பத்தாதுங்களே" என்று ஒருமுறை கேலி செய்தேன்.

"நான் நெய்யறதே துண்டுதான் அம்மிணி. அதையே எனக்குப் போத்தறாங்க" என்றார்.

அடுத்த நோன்பிக்குக் கூலி கேட்டுவிட்டார். நெல் வியாபாரியான விழாக் கமிட்டித் தலைவருக்கு ஆச்சரியம். "எழுத்து சரஸ்வதி குடுத்ததுங்க. அதுக்குப் போயி கூலியா?"

"நெல்லு பூமித்தாய் குடுத்ததுங்க. நீங்க சும்மாவா அளக்கறீங்க?" என்ற அண்ணன், நாடகத்தைக் கொடுத்து, கடைசிக் காட்சியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முடிவுதானே, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று கமிட்டி நினைத்தது. வில்லன் வேஷம் தலைவர் மகனுக்கு. பெண் கொடுக்கப்போகிறவர்கள் முன்வரிசையில் இருந்ததால் விலங்கு மாட்டிக்கொள்ள அவனுக்கு மனமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், திருந்தியவனாக மாலையோடு வந்து நின்றான். முந்தின காட்சியில் என் புருஷனைக் கொன்றவன் அவன்.

"கொன்னவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேனுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கூட்டம் அர்த்தனாரியைக் கூப்பிடச் சொல்லிக் கத்தியது. அவர் கூட்டத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். தலைவர் துண்டில் கூலியை வைத்து நீட்டினார். அண்ணன் கூலியை எடுத்துக்கொண்டு துண்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் கடைசிக் காட்சி அவர் பையிலிருந்து வெளியே வந்தது; அவனுக்கு விலங்கு மாட்டினோம்.

அவர் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கூலி கேட்கிற ஆள் என்று பல ஊர்கள் அவரை ஒதுக்கின. நாடகங்கள் குறைந்தன, தறி மிஞ்சியது. "கொஞ்சம் இறங்கி வரலாமுங்களே" என்று நானே கேட்டிருக்கிறேன். "நான் சும்மா எழுதுனா அடுத்து வர்றவனும் சும்மா எழுதோணும் அம்மிணி" என்றார். சும்மா எழுதவே இல்லை.

சாவுக்கு, அவரை ஒதுக்கிய ஊர்க்காரர்களும் துண்டோடு வந்திருந்தார்கள். அண்ணி வாசலிலேயே நிறுத்தினார். "பங்காளிங்க கோடித்துணி போட்டாச்சு. உங்க துண்டை எடுத்துட்டுப் போயிருங்க சாமி. அவருக்குப் புடிக்காதுங்க."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முரட்டுப் பிடிவாதம்தான். இந்த அஞ்சலியை இந்த வருஷ நோன்பி விழா மலருக்குக் கேட்டவர்கள், மேடையில் எனக்குத் துண்டு போர்த்துவதாகச் சொன்னார்கள். கூலி பேசித்தான் எழுதினேன். இந்தக் கடைசிப் பத்தியைக் கூலி கைக்கு வந்த பிறகே கொடுத்தேன்.