அக்கா சொன்ன பதில்

புனேவில் இருந்த அந்த மருத்துவக் கல்லூரியில் சேர மார்க் மட்டும் போதாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மார்க் வாங்கியவர்கள்தான் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு நீளமான மேசைக்கு எதிரே உட்கார வைத்து, ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்பார்கள். அங்கேதான் ஆளைப் பொறுக்குவது. ஏழைகளுக்குச் சேவை செய்ய என்று சொல்கிறவர்கள் அப்படியே ரயிலேறி வீட்டுக்குப் போகலாம் என்பார் அப்பா. பக்கத்தில் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு இதெல்லாம் தெரிந்தது அக்கா மூலமாக.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் புனேவுக்குப் போய் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவர்கள் கேட்டதற்கு என் முழங்காலைப் பதிலாகச் சொல்லியிருந்தாள். ஸ்டேஷன் பக்கம் நான் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பிளந்துகொண்ட சமயம், தினமும் சாயங்காலம் கட்டை அவிழ்த்து உற்று உற்றுப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

“ஏளா, ஆடாம இரு. ஓரத்துல புதுத் தோலு வருது பாரு,” என்பாள்.

தங்கையின் காயம் ஆறுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது, அதனால்தான் வந்தேன் என்று அங்கே சொன்னாளாம். மேசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். இடம் கிடைத்தது. அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேடா கொடுத்தார். கல்லூரி திறப்பதற்குள் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. பேடா வாங்கிக்கொண்டவர்களே துக்கம் கேட்கவும் வந்தார்கள்.

அடுத்து என் முறை வந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் சவரம் செய்துகொண்டே அப்பா என்னைத் தயார் செய்வார்.

“ஏன் டாக்டராவணும்?”

“என் தங்கச்சிக்கு முட்டியில அடிபட்டப்போ…” என்று ஆரம்பித்து நிறுத்துவேன். “எனக்கு ஏதுப்பா தங்கச்சி?”

“அவங்களுக்கு என்னளா தெரியும்? இந்தப் பதில்தான் எடுபடும். சொல்லு.”

கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். உள்ளுக்குள் கொதித்தது. உயிரோடு இருந்தபோதும் எல்லாவற்றிலும் அவள்தான் முந்தி. செத்த பிறகும் எனக்கு முன்னால் போய் நிற்கிறாளே என்று அவள் மேல்தான் கோபம் வந்தது.

அம்மா, அக்கா அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன நீல அரைப் பாவாடையை எடுத்து வைத்தாள். ராசியான பாவாடையாம். ராசி எந்த லட்சணத்தில் இருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நான் அக்காவைவிட உயரம். அடிமடிப்பை முழுக்கப் பிரித்து விட்டும் உட்கார்ந்தால் முட்டி தெரிந்தது.

மேசைக்கு நடுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்தில், “நீ முன்பே இங்கே வந்திருக்கிறாயா?” என்றார். இல்லை என்றேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. “என் தங்கைக்கு” என்று தொடங்கினேன். நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பது போல முதுகு சிலிர்த்தது. வாக்கியத்தை முடித்துவிட்டால் அக்கா உயிரோடு இருப்பாள், செத்தவள் நானாகிவிடுவேன் என்று பயந்தேன். அப்படி ஒரு பயம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வந்ததில்லை.

பாவாடை விளிம்புக்குக் கீழே தெரிந்த தழும்பின் மேல் விரலை வைத்தேன்.

“அந்தத் தங்கை நான்தான். இரண்டு வருஷம் முன்பு இந்தக் காயம் ஆறிய கதையை உங்களிடம் சொன்னவள் என் அக்கா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அவள் ஏன் வந்து சேரவில்லை?”

சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வெளியே மழை பெய்வது கேட்டது.

“சரி,” என்றார் மெதுவாக. “நீ ஏன் டாக்டராக வேண்டும்?”

“தெரியாது,” என்றேன். அதற்கு மேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் அப்பா கேட்டார், “அக்கா பதிலச் சொன்னியா?” சொன்னேன் என்றேன். தேஹு ரோடு வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கு இடம் கிடைத்தது. இந்த முறை வீட்டில் பேடா வாங்கவில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“ஏளா, இந்த எடத்த ஒனக்குக் குடுத்தாவளா, அவளுக்குக் குடுத்தாவளா?”

“எனக்குத்தாம்மா.”

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. என் மார்க்குக்குக் கொடுத்தார்களா, முழங்காலுக்குக் கொடுத்தார்களா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

டாக்டராகி எத்தனையோ காயங்களைப் பார்த்தாயிற்று. கட்டை அவிழ்த்ததும் என் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது. புதுத் தோல் தெரிந்தால் சந்தோஷமாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் முட்டியில் அடிபட்டு வந்த ஒரு மராத்திச் சிறுமி வலியில் நெளிந்தாள். “ஏளா, ஆடாம இரு,” என்றேன். தமிழில் பேசிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் புரியாமலே ஆடாமல் இருந்தாள்.