நாற்காலியைப் பார்த்தவர்

அருப்புக்கோட்டையில் எங்கள் மில் கால்பந்து அணிக்குச் சம்பளத்துக்கு வந்த பயிற்சியாளர் அவர். ஒல்லியான ஆள், கழுத்தில் விசில். வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றிருந்தோம். ஏழாவதும் போனால் அவர் வேலை போகும் என்று மில் மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று எதிரணி பந்தோடு நெருங்கும்போதெல்லாம் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்தார்.

“ஏன் சார், ஆட்டத்தைப் பாக்க மாட்டீகளா?” என்றேன்.

“பந்து எங்க போகுதுன்னு அவுக மொகத்துலயே தெரியும் அண்ணாச்சி. என் வேலை எங்க போகுதுன்னும் தெரியும்.”

ஒன்றுக்கு ஒன்று, இன்னும் நாலு நிமிடம். மேனேஜர் திடீரென்று எழுந்து போய்விட்டார். மறுநிமிடமே எங்கள் ஆள் கோல் போட்டான்.

“நம்ம கோலு சார், திரும்புங்க!” என்று தோளை உலுக்கினேன்.

“அவுக பாக்கலையே” என்றார், காலி நாற்காலியிலிருந்து கண்ணெடுக்காமல்.